கொல்லைப்புற எலுமிச்சைக்கும் ஆய்வு தேவை

தோப்பில் உள்ள எலுமிச்சைக்கு உரம் வைக்கிறோம், மருந்து தெளிக்கிறோம். கொல்லையில் கிணற்றடியில் நிற்கும் ஒற்றை மரத்தைக் காய் பறிக்கும்போது மட்டுமே நினைக்கிறோம். நோய் தங்கிப் பெருக அந்த ஒரு மரம் போதும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 'கிரீனிங்' நோயைப் பரப்பும் சைலிட் பூச்சி அங்கு 2008ல் தென்பட்டது. 2012ல் நோயும் உறுதியானது. பெரிய தோப்பில் அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மரத்தில். வேளாண் துறையினர் வீடுகளுக்கே சென்று மரங்களைப் பார்த்து, இலைகளை ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். நோய் உறுதியான மரத்தை அரசு செலவில் அகற்றுகின்றனர். கறிவேப்பிலையிலும் இப்பூச்சி பெருகும் என்பதால், அந்தச் செடியை இடம் மாற்றவும் கட்டுப்பாடு உண்டு.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் புளோரிடா. அங்கு 2005ல் நோய் கண்டறியப்பட்டது. 2003-04ல் 24 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2022-23ல் 2 கோடி பெட்டிகூட கிடைக்கவில்லை. புயல் சேதமும் இதில் உண்டு. என்றாலும் பெரும் இழப்பு நோயால்தான்.

அதே புளோரிடா இன்னொரு பாடமும் தருகிறது. சொறி நோயை ஒழிக்க, பாதித்த மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த நல்ல மரங்களையும் வெட்டினர். வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006ல் திட்டமே கைவிடப்பட்டது. ஆய்வுக்கு வருபவர் கோடரியோடு வருகிறார் என்ற பயம் வந்துவிட்டால், யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்குப் பூச்சியும் புதிதல்ல, நோயும் புதிதல்ல. நம் கொல்லைகளில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கறிவேப்பிலைக்கு இந்நோய் வருவதில்லை. ஆனால் பூச்சி அதில் வளர்ந்து எலுமிச்சைக்குத் தாவும்.

துளிர் விடும் காலத்தில் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். சைலிட் பூச்சி பழுப்பு நிறம், சுமார் 3 மி.மீ. நீளம், வால் பக்கத்தைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் மஞ்சளாக இருக்கும். வெள்ளை மெழுகு இழைகளைக் கழிக்கும். துத்தநாகக் குறையில் இலையின் இரு பாதியும் ஒரே மாதிரி வெளுக்கும். கிரீனிங் நோயில் திட்டுகள் இரு பாதியிலும் ஒத்திருக்காது. காய் கோணலாகச் சிறுத்து, அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும்.

நோய் தொற்றிய மரத்துக்குக் குணம் கிடையாது. அறிகுறி தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; அதற்குள் பூச்சி நோயைப் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுபோய்விடும். அதனால் கண்பார்வை மட்டும் போதாது, இலைப் பரிசோதனையும் வேண்டும்.

தோட்டக்கலைத் துறைக்கு நம் வேண்டுகோள்: எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு விளையும் வட்டாரங்களில் தோப்பைப் பார்க்க வரும் அலுவலர், சுற்றியுள்ள வீட்டு மரங்களையும் பார்க்கட்டும். நோய் உறுதியானால் மட்டும் மரத்தை எடுக்கட்டும். எடுக்குமுன் பூச்சிக்கு மருந்து தெளிக்கட்டும். பதிலுக்கு நோயற்ற ஒட்டுக்கன்று தரட்டும்.

உங்கள் பங்கும் உண்டு. தெரியாத இடத்தில் கன்றோ ஒட்டுக்குச்சியோ வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இலையோடு தோட்டக்கலை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அலுவலர் வந்தால் கொல்லைக் கதவைத் திறந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு அது ஒரு மரம். பக்கத்துத் தோப்புக்காரருக்கு அது பிழைப்பு.