காற்று அசையாத காலையில் களைக்கொல்லி வேண்டாம்

“காற்று இல்லாத நேரமாகப் பார்த்து மருந்து அடியுங்கள்.” இதை மருந்துக் கடையிலும் கேட்டிருப்பீர்கள், எங்களைப் போன்றவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பிலும் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை. விடியற்காலையில் இலைகூட அசையாதபோது தெளிக்கும் களைக்கொல்லி, லேசான காற்றில் தெளித்ததைவிட அதிகத் தூரம் போய்ச் சேதம் செய்யக்கூடும்.

காரணம் புரியக் காற்றின் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால் போதும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அழுத்தினால் காற்று சூடாகும், விரிந்தால் குளிரும். உயரே போகப் போக அழுத்தம் குறைவதால், மேலெழும் காற்று விரிந்து, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. (ஈரம் திரண்டு மேகமாகும்போது இந்த அளவு குறையும், அது வேறு கதை.)

பகலில் வெயில் மண்ணைச் சுடவைக்கிறது. மண்தான் காற்றைச் சுடவைக்கிறது. தரையை ஒட்டிய காற்று, மேலே போய்க் குளிர்ந்த பிறகும் சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருப்பதால் தொடர்ந்து எழுகிறது. மேலும் கீழும் நன்றாகக் கலக்கிறது. மேகமில்லாத இரவில் இது தலைகீழ். மண் தன் வெப்பத்தை இழக்க, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. கீழே உள்ளது எழுவதும் இல்லை, கலப்பதும் இல்லை. அதிகாலையில் குப்பை எரிக்கும் புகை கொஞ்சம் எழுந்து, பிறகு படுக்கைவசமாக நீண்டு வயலுக்கு வயல் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இந்த வெப்பத் தலைகீழ் அடுக்கு.

தெளிப்பானின் நுண்துளிக்கும் அதே கதி. 3 மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி சுமார் 10 விநாடியில் தரைக்கு வரும். 20 மைக்ரான் துளிக்குச் சுமார் 4 நிமிடம் ஆகும். அதற்குள் அந்தக் குளிர்காற்று, மருந்தைக் கலைந்துபோக விடாமல், சரிவைப் பார்த்து நகர்ந்து பக்கத்து நிலத்தில் சேர்த்துவிடும்.

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கின்றன. மக்காச்சோளத்துக்கு அடிக்கும் 2,4-டி பருத்திக்கு எமன். மிகச் சிறிய அளவு பட்டாலே இலை விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலைபோல் ஆகிவிடும். வைரஸ் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. வரப்புத் தகராறு வேறு.

எனவே, ‘காற்றில்லாத நேரம்’ என்ற வாசகத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் பொறுங்கள். புகை கலைந்து மேலே போக வேண்டும். இலை சலசலக்கும் அளவுக்கு, மணிக்கு 5 முதல் 10 கி.மீ. காற்று, பருத்தி இல்லாத பக்கம் நோக்கி வீசினால் அதுவே நல்ல நேரம். 15 கி.மீ. தாண்டினால் நிறுத்திவிடுங்கள். மாலையில் வெயில் தாழும்போதே அடுக்கு உருவாகத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆள் ஆறு மணிக்கே வந்துவிடுகிறார், ட்ரோன்காரர் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ட்ரோனுக்கு அதுவும் முடியாது. அதனால்தான் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிப்பும் மாற வேண்டும் என்கிறேன். மேகமூட்டமும் காற்றின் வேகமும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. வானம் தெளிவு, காற்று மந்தம் என்றால், ‘நாளை காலை எட்டு மணிக்கு முன் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.