இரண்டு சட்டைகளும் ஒரு கையொப்பமும்

 

சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து மதரஸா முற்றத்தில் அமர்ந்திருந்தேன். எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை வந்து எதிரே உட்கார்ந்தார். இங்கே சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் எளிய மனிதர். கையில் மடித்த தாள் ஒன்று, முகத்தில் கலக்கம்.

"ஹஸ்ரத், கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தி எங்கள் தெருக் கடையில் திருட்டுப் போனது. சாமானைக் கண்டுபிடித்து விட்டோம், சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். தெரிந்த மனிதர்கள் கேட்கிறார்களே என்று போட்டுவிட்டேன். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. சாமான் எடுத்ததையும் நான் பார்க்கவில்லை. இப்போது போய் என்ன சொல்ல?"

"யார் மீது வழக்கு, பாய்?" என்று கேட்டேன்.

"இருபது வயசுப் பையன் ஒருவன், ஹஸ்ரத். அவன் வீட்டில் எடுத்ததாக எழுதியிருக்கிறதாம்."

அவருக்கு நான் அளித்த விடையை இறுதியில் கூறுகிறேன். இதே நிலை நம்மில் எவருக்கும் நேரலாம். ஆதலின் அந்தத் தாளின் கனம் எத்தகையது என்பதை முதலில் அறிந்து கொள்வோம்.

அவர் கையொப்பமிட்ட தாளுக்கு மகஜர் என்று பெயர். 'மஹ்ளர்' என்னும் அரபுச் சொல்லே நம் நீதிமன்றத் தமிழில் மகஜர் ஆயிற்று. வருகைப் பதிவின்போது நம் பிள்ளைகள் 'ஹாளிர்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னிலையில் நடந்ததைப் பதிந்த ஏடு என்பது பொருள். முன்னிலையில் இல்லாத ஒருவர் அதில் கையொப்பமிட்டால், அந்தப் பெயரே பொய்யாகி விடுகிறது.

பொருள் ஒன்று சாட்சி சொல்வது நமக்குப் புதிதன்று. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் இரண்டு சட்டைகள் வருகின்றன. முதற் சட்டை, பொய்யான இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் சகோதரர்கள் கொண்டுவந்தது. ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதோ என்று யஃகூப் நபி (அலை) ஐயுற்றதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். இரண்டாவது சட்டை, அமைச்சர் வீட்டில் கிழிந்தது. முன்புறம் கிழிந்திருந்தால் அந்தப் பெண்ணின் கூற்று மெய், பின்புறம் கிழிந்திருந்தால் யூசுஃபின் கூற்று மெய் என்று அவ்வீட்டாருள் ஒருவரே அளவுகோல் வகுத்தார். பின்புறமே கிழிந்திருந்தது. ஆக, ஒரு சட்டை பொய் சொல்லக் கொண்டுவரப்பட்டது. மற்றொன்று மெய்யை நிலைநாட்டியது. எது எத்தகையது என்று கண்டறிவதே சாட்சியச் சட்டத்தின் வேலை.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டு நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் புதிய சட்டம் வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறினவேயன்றி, அடிப்படை நெறிகள் பெரும்பாலும் பழையனவே. கத்தி, துணி, நகை போன்றவற்றைச் சான்றுப் பொருள் என்றும், கடிதம், பத்திரம், பதிவேடு முதலியவற்றைச் சான்றாவணம் என்றும் நீதிமன்றத்தார் கூறுவர். இவ்விரண்டும் தாமாகப் பேசுவதில்லை. இதை எங்கே கண்டெடுத்தார்கள், யார் முன்னிலையில், யார் முத்திரையிட்டார், அதுவரை யார் வசம் இருந்தது என்று உயிருள்ள மனிதர் ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்லியாக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பொருளின் மதிப்புக் குன்றும்.

சங்கிலி அறாமல் அமைந்ததற்குத் தமிழகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கு. சென்னையிலிருந்து தெற்கே சென்ற ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தபோது தலையில்லாத உடல் இருந்தது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்று மருத்துவர்கள் ஆராய்ந்து கூறினர். அவர் ஒருகாலத்தில் இராணுவத்தில் பணியாற்றியவர் ஆதலால், அங்கே பதிந்திருந்த விரல்ரேகையோடு உடலின் விரல்ரேகை ஒத்துப் பார்க்கப்பட்டது. கொலையை நேரில் கண்டு சொல்ல வெளியார் எவருமில்லாத அவ்வழக்கில், பெட்டியும் ரேகையுமே வழியைத் திறந்தன. 1953இல் கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது.

இனி ஆவணங்களுக்கு வருவோம். கடிதம் ஒன்றை நீதிமன்றத்தில் நீட்டிவிட்டால் மட்டும் அது மெய்ப்பிக்கப்பட்டதாகாது. எழுதியவர் இன்னார் என்று காட்ட வேண்டும். அதில் உள்ளது உண்மை என்பதைத் தனியே நிலைநாட்ட வேண்டும். மூல ஆவணமே முதலில் வர வேண்டும். மூலம் தொலைந்தது, அழிந்தது, எதிரியின் கையில் உள்ளது என்பன போன்ற காரணங்களைக் காட்டிய பின்னரே நகலுக்கு இடமுண்டு.

இந்த நெறிகள் தளர்ந்தால் விளைவது என்ன என்பதற்கு நெஞ்சை உலுக்கும் வழக்கு ஒன்று உண்டு. 2002 செப்டம்பர் 24 அன்று குஜராத் மாநிலம் காந்திநகரிலுள்ள அக்ஷர்தாம் கோயிலில் புகுந்த இருவர், வழிபட வந்தோர் உட்பட 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். எந்த மார்க்கமும் பொறுக்காத கொடுமை அது. கொலைகாரர் இருவரும் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அவர்களின் கால்சட்டைப் பைகளில் உருது மொழியில் எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தன என்றும், அவற்றை எழுதியவர் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு முஃப்தி என்றும் அரசுத் தரப்பு கூறியது. 2003இல் அவர் கைதானார். 2006இல் பொடா தனி நீதிமன்றம் அவர் உட்பட மூவருக்கு மரண தண்டனை விதித்தது. 2010இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அக்கடிதங்களை உற்று நோக்கியது. அணிந்திருந்த கால்சட்டையோ குண்டு துளைத்து இரத்தத்தில் தோய்ந்திருந்தது. அதன் பையிலிருந்து எடுத்ததாகக் கூறிய கடிதங்களிலோ கிழிசலும் இல்லை, கறையும் இல்லை. இதனை நம்ப இயலாது என்று நீதிபதிகள் தள்ளினர். கையெழுத்து வல்லுநரின் கூற்று கருத்து மட்டுமே, முடிந்த முடிபாகாது என்றனர். பின்னர் மறுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களையும் ஏற்கவில்லை. தண்டனை பெற்ற அறுவரும் விடுதலையாயினர்.

இரத்தம் தோய்ந்தும் கிழியாத அந்தச் சட்டை உங்கள் நினைவுக்கு வருகிறதன்றோ? யஃகூப் நபி (அலை) அன்று எழுப்பிய ஐயம், மூன்றாவது நீதிமன்றத்தில்தான் செவிமடுக்கப்பட்டது. அதற்குள் 11 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. வீட்டாரை இழந்து நின்ற அக்குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கும் இது அநீதியே. பின்னின்று ஏவியவர் யார் என்ற அவர்களின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆதாரத்தில் செய்யும் பிழை குற்றம் சாட்டப்பட்டவரோடு நிற்பதில்லை, பாதிக்கப்பட்டவரையும் வஞ்சிக்கிறது.

காவலரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை என்பது பொது விதி. ஆனால் காவலில் உள்ளவர் சொன்னதைக் கொண்டு ஒரு செய்தி வெளிப்பட்டால், அந்த அளவு மட்டும் ஏற்கப்படும். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர் மாவட்டத்தில் எழுந்த புலுகூரி கோட்டய்யா வழக்கில், 1946இல் பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரையறுத்தது. 'கத்தியை என் வீட்டுக் கூரையில் மறைத்திருக்கிறேன்' என்பது ஏற்கப்படும். 'அதனால் இன்னாரைக் குத்தினேன்' என்பது ஏற்கப்படாது. அந்தக் கத்திதான் குத்தியது என்பதை வேறு சான்று கொண்டே காட்ட வேண்டும். வாக்குமூலத்தின் ஒரு வரியை இரண்டாகப் பிளந்து பார்க்கும் இந்தக் கூர்மை எத்தனையோ எளியவர்களைக் காத்திருக்கிறது.

கைப்பேசிப் பதிவும் கண்காணிப்புக் கேமராவும் இன்று வழக்குகளை நிறைத்துள்ளன. அவற்றின் நகலைத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறி, 2020இல் உறுதிப்படுத்தியது. புதிய சட்டம் 'ஹேஷ்' என்னும் கணக்கீட்டு எண்ணையும் கேட்கிறது. பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

வாசகர்களே, நாம் மனத்திற்கொள்ள வேண்டியவை சிலவே. வீட்டில் சோதனை நடக்கையில், அவ்வட்டாரத்தைச் சேர்ந்த நடுநிலையாளர் இருவரேனும் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்குரியவர் உடனிருக்கலாம், கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் நகல் கேட்டுப் பெறலாம். சோதனையை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் இன்றைய சட்டம் கட்டளையிடுகிறது. விசாரணையின்போது காவலர் எழுதிக்கொள்ளும் சாட்சியின் வாக்குமூலத்தில் சாட்சி கையொப்பமிட வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் எக்காரணத்தாலும் கையொப்பமிடாதீர்கள். மகஜருக்குச் சாட்சியாக அழைத்தால் தாராளமாகச் செல்லுங்கள்; அது நற்பணியே. ஆனால் கண்ணால் காணுங்கள், எழுதியதைப் படியுங்கள் அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதன்பின் பேனாவைத் தொடுங்கள்.

இனி, அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன விடை:

"பாய், பையன் திருடினானா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தீர்ப்பது நீதிபதியின் வேலை. உங்களைக் கேட்பது நீங்கள் கண்டதை மட்டுமே. கையெழுத்து என்னுடையது, பொருளை எடுத்ததை நான் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள்."

"பிறழ்சாட்சி என்று சொல்லிவிடுவார்களே, ஹஸ்ரத்? கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"சொல்லத்தான் சொல்வார்கள். குறுக்குக் கேள்வியும் கேட்பார்கள். போகுமுன் ஒரு வக்கீலையும் பார்த்துக் கொள்ளுங்கள். அன்று படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு அவ்வளவு வெட்கமாவது பட்டுத்தான் ஆக வேண்டும். சத்தியம் செய்துவிட்டுக் காணாததைக் கண்டேன் என்பது அதைவிடப் பெரிய பாவமல்லவா?"

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்" என்று எழுந்தார். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஆயினும் அவர் வீட்டுக்குப் போகாமல் ஒளூச் செய்யச் சென்றார்.

கண்டதை மட்டும் கண்டோம் என்று சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.