உப்பு எதுக்கு சாமி?

குன்னத்தூரிலிருந்து திருப்பூர் சாயப்பட்டறைக்கு பஸ் ஏறும் என் அப்பா ஒருநாள் கேட்டார்: "ஏஞ்சாமி, சாயத்துல இத்தனை உப்பு எதுக்குக் கொட்டறாங்க?" பரிட்சையில் இங்கிலீஷில் எழுதிப் பாஸானவன், வீட்டிலேயே முதலில் படிப்பவன், திருதிருவென விழித்தேன்!

ராத்திரி தமிழில் எழுதிப் பார்த்தேன். தண்ணீரில் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலில் ஏற்றும். அப்புறம் சோடா போட்டால்தான் கெட்டியாகப் பிடிக்கும்.

படித்துக் காட்டினேன். "அப்போ உப்பு பூராவும் தண்ணியோட போயிருமா?" என்றார். 2011-ல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன நொய்யல் கதையே அதில் இருக்கிறது.

என்ஜினீயர் சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' எழுதினார். நாம் வாரம் ஒரு பக்கம் நோட்டீஸ் போர்டில் எழுதக் கூடாதா? உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதை நான் எழுதுகிறேன். அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.