கையேடும் ஓடட்டும்!

ஒரு பொறியைச் செய்து நடுத்தெருவிலே வைத்து, "விலை கிடையாது, பூட்டுக் கிடையாது, வேண்டுகிறவர் எடுத்து ஓட்டலாம்" என்று தண்டோராப் போட்டுவிட்டு, அதை ஓட்டும் விதத்தை மட்டும் சொல்லாமல் போனால் அந்தப் பொறி யாருக்குச் சொந்தம்? ஊருக்குச் சொந்தம் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையிலே அது ஓட்டத் தெரிந்தவனுக்கு மட்டுமே சொந்தம்! திறந்த மூல மென்பொருளிற் பெரும்பகுதி இன்று இந்த நிலையிலேதான் இருக்கிறது.

கணிப்பொறிக்கு இடுகின்ற கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அந்தக் கட்டளைகளை முதலாளியின் பெட்டியில் பூட்டி வைக்காமல், எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு திட்டத்தை அறிவித்தார். "திறந்த மூலம்" என்ற பெயர் 1998-ல் வந்தது. இன்று ஆராய்ச்சிக் கூடம் முதல் கைப்பேசி வரையில் அந்த மென்பொருள் இல்லாத இடமில்லை. கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடும் வேண்டும் என்று அன்றே வாதாடியவரும் அந்த ஸ்டால்மன்தான். மென்பொருள் வளர்ந்தது, கையேடு வளர்ந்ததா?

2017-ல் கிட்ஹப் நிறுவனம் திறந்த மூல உலகத்தாரிடையே கணக்கெடுத்தது. கையேடு அரைகுறையாக இருக்கிறது, அல்லது குழப்புகிறது என்ற தொல்லையைக் கண்டதாகச் சொன்னவர்கள் 100-க்கு 93 பேர். ஆனால், கையேடு எழுதுவதற்கு அநேகமாகக் கை கொடுத்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டவர்களோ, மென்பொருளுக்கு உழைப்புத் தருகிறவர்களிலேயே 100-க்கு 60 பேர்! எல்லாருக்கும் வலிக்கிறது; மருந்து அரைக்கத்தான் ஆளில்லை.

இதனாலே கெட்டுப் போகிறவன் யார்? புதிதாகக் கற்க வருகிறவன். கையேட்டைத் திறக்கிறான். "இந்தப் பத்து வரிகளை ஓட்டிப் பாருங்கள்" என்கிறது. ஓட்ட வேண்டுமானால் முதலிலே மென்பொருளை நிறுவ வேண்டும். அதை நிறுவ இன்னும் ஐந்து வேண்டும். ஐந்தில் ஒன்று பழையது, மற்றொன்றோடு ஒத்துப்போகாது. அலுவலகக் கணிப்பொறியாக இருந்தால் நிறுவ அனுமதி கிடையாது. இரவல் கணிப்பொறியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அரை நாள் போய்விடுகிறது. முதற் பாடம் ஆரம்பமாகவில்லை! வசதியுள்ளவன், பக்கத்திலே சொல்லிக் கொடுக்க ஆள் உள்ளவன் பிழைத்துக்கொள்கிறான். மற்றவன் "இது நமக்கு ஆகாது" என்று திரும்பிப் போகிறான். அவனுக்கு அறிவில்லாமலா போனான்? இல்லை, வாசற்படி அவ்வளவு உயரம்!

லேத்திலே பழகுகிறவனுக்குப் படத்தை மட்டும் காட்டினால் தொழில் வருமா? சக்கிலே இரும்பைப் பூட்டி, டூலைக் கொடுத்து, வெட்டின் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டினால் சத்தம் எப்படி மாறுகிறது என்பதை அவன் காதே கேட்க வேண்டும். கை பட்டால்தான் கல்வி. கணிப்பொறிக்கும் அதுவே நியாயம்.

அந்த நியாயத்திலே பிறந்ததுதான் ஓடும் குறிப்பேடு. ஒரு பத்தி விளக்கம். அதன் கீழே ஒரு கட்டத்தில் கட்டளைகள். "ஓட்டு" என்றால் அந்த இடத்திலேயே விடை வருகிறது, வரைபடம் வருகிறது. எண்ணை மாற்றி மறுபடியும் ஓட்டினால் விடை மாறுகிறது. ஏன் மாறிற்று என்று படிக்கிறவன் யோசிக்கிறான். அந்த யோசனைதான் படிப்பு!

இது புதிய சரக்கல்ல. 1988-ல் மாத்தமாட்டிகா என்ற விலை மென்பொருளோடு இப்படிப்பட்ட குறிப்பேடு வந்தது. வாங்க முடிந்தவனுக்கு மட்டும் கிடைத்தது. 2001-ல் ஃபெர்னாண்டோ பெரெஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஐபைத்தான் என்பதைத் தம் சொந்தத் தேவைக்காக எழுதத் தொடங்கினார். பலர் கை சேர்ந்தது. 2011 டிசம்பரில் அதிலிருந்து உலாவியில் ஓடும் குறிப்பேடு வெளிவந்தது. 2014-ல் ஜூப்பிட்டர் என்ற தனித் திட்டமாயிற்று. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று நிரல்மொழிகளின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. 2015 செப்டம்பர் 14-ல் ஈர்ப்பலை முதன்முதலாக அகப்பட்டு, 2016 பிப்ரவரியில் லைகோ விஞ்ஞானிகள் அதை உலகத்துக்கு அறிவித்தபோது, அளவுகளையும் கணக்கு வழியையும் ஓடும் குறிப்பேடாகவே வெளியிட்டார்கள். "நம்புங்கள்" என்று சொல்லாமல், "நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றார்கள். அறிவை மதிக்கிறவர்கள் செய்கிற வேலை இதுதான்.

விஞ்ஞானிக்கு ஆனது, வேலை பழகுகிறவனுக்கு ஆகாதா? சைகிட்-லேர்ன் கையேட்டின் எடுத்துக்காட்டுப் பக்கங்களைக் குறிப்பேடாக எடுத்துக்கொள்ளலாம். உலாவியிலேயே திறந்தும் ஓட்டலாம். சைபை கையேட்டிலும் எடுத்துக்காட்டுகளை அங்கேயே ஓட்ட வழி வைத்திருக்கிறார்கள். வழி தெரிந்துவிட்டது, மற்ற திட்டங்களும் அந்த வழியே வர வேண்டும் என்பது நம் வாதம்.

இதற்கு எதிராகச் சிலர் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விகளே. பதில் சொல்லியாக வேண்டும்.

"குறிப்பேடு நம்பத் தகுந்ததா?" என்பது முதற் கேள்வி. கட்டங்களை மேலும் கீழுமாக ஓட்டினால், திரையில் தெரிகிறது ஒன்று, கணிப்பொறியின் நினைவில் இருப்பது வேறொன்று என்றாகிவிடும். 2018-ல் ஜூப்பிட்டர்காரர்களின் மாநாட்டு மேடையிலேயே ஜோயல் கிரஸ் என்பவர் இதை எடுத்துக்காட்டிச் சாடினார். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் கிடந்த சுமார் 14 லட்சம் குறிப்பேடுகளைச் சோதித்தது. ஓட்டிப் பார்க்க முடிந்தவற்றுள் பிழையில்லாமல் ஓடி முடிந்தவை 100-க்கு 24. பழைய விடையையே திரும்பத் தந்தவை 100-க்கு 4!

இதை நாம் மறைக்கவில்லை. ஆனால், அவை தனித்தனி மனிதர்கள் எழுதிப் போட்டுவிட்டுப் போனவை. கேட்பாரற்றுக் கிடந்த பொறி துருப்பிடித்ததற்குப் பொறியையா குறை சொல்வது? மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் குறிப்பேடு முழுவதையும் தலையிலிருந்து கால்வரை தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டைத் திட்டத்தார் செய்யலாம். கையேட்டின் எடுத்துக்காட்டுகளை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் என்ற கருவி 2001 முதலே பைத்தானோடு சேர்ந்து வருகிறது. சோதிக்கப்படும் குறிப்பேடு கெட்டால் அன்றே சிவப்பு விளக்கு எரியும். ஓடாத வெறும் பக்கம் கெட்டால்? பொய் சொல்லிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆகவே சோதனை இல்லாத குறிப்பேடு வேண்டாம். இது நமது முதல் நிபந்தனை.

"திருத்தத்தைச் சரிபார்ப்பது எப்படி?" என்பது இரண்டாவது கேள்வி. குறிப்பேட்டுக் கோப்பிலே கட்டளையும் விடையும் படமும் கலந்து கிடக்கும். ஒரு சொல்லைத் திருத்தினாலும் நூறு வரி மாறினாற்போலத் தோன்றும். உண்மை. அதற்கும் மருந்துண்டு. ஜூப்பிடெக்ஸ்ட் போன்ற கருவியால் வெறும் எழுத்தாகவே சேமித்து வைத்து, வெளியிடும்போது குறிப்பேடாக மாற்றிக்கொள்ளலாம்.

"ஓட்டுகிற கணிப்பொறிக்குக் கூலி யார் கொடுப்பது?" என்பது மூன்றாவது கேள்வி. இதுதான் வேரைத் தொடுகிற கேள்வி. பைண்டர் என்ற இலவச ஏற்பாடு, எங்கோ உள்ள சர்வரில் குறிப்பேட்டை ஓட்டித் தருகிறது. நல்ல தொண்டு, ஆனால் கொடையில் நடக்கும் தொண்டு. கூகுள் நிறுவனம் தந்துவந்த உதவி 2023-ல் நின்றதும் அதன் திறன் சுருங்கிப் போயிற்று. கொடுக்கிற கை மடங்கினால் படிக்கிறவன் பாடம் நிற்கும் என்றால், அந்தப் படிப்புக்கு என்ன உறுதி?

அதனாலேதான் ஜூப்பிட்டர்லைட்டை நாம் வரவேற்கிறோம். 2018-ல் மொசில்லாவில் தொடங்கிய பயோடைடு, பைத்தானையே உலாவிக்குள் ஓடும்படி செய்தது. அதன்மேல் கட்டிய ஜூப்பிட்டர்லைட்டில் சர்வர் கிடையாது. படிக்கிறவனின் கணிப்பொறியே ஓட்டுகிறது. நிறுவவும் வேண்டாம், கொடையாளியின் முகம் பார்க்கவும் வேண்டாம். குறையும் உண்டு. முதன்முறை பல மெகாபைட்டை இறக்க வேண்டும். சில மென்பொருள்கள் அங்கே ஓடமாட்டா. ஆகவே, ஓட்ட வசதியில்லாதவனும் படிக்கும்படி, விடைகளோடு கூடிய சாதாரணப் பக்கமும் கூடவே இருக்க வேண்டும். இது நமது இரண்டாவது நிபந்தனை.

எல்லாவற்றையும் குறிப்பேடாக்கு என்றும் நாம் சொல்லவில்லை. ஒரு கட்டளையின் இலக்கணத்தைச் சட்டென்று தேடுகிறவனுக்கு அகராதி போன்ற பட்டியலே போதும். பழகுகிறவனுக்குரிய பாடம் ஓட வேண்டும். அங்கேதான் ஆட்கள் உதிர்ந்து போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டளை எழுதுகிறவன் கெட்டிக்காரன், கையேடு எழுதுகிறவன் எடுபிடி என்ற மேல்சாதி, கீழ்சாதி மனப்பான்மை ஒழியாத வரையில் குறிப்பேடும் வளராது, கையேடும் வளராது. கற்றுக்கொடுக்கும் உழைப்பும் உழைப்பே. அதற்குரிய பெயரையும், நிதி உண்டானால் அதற்குரிய பங்கையும், தயங்காமல் கொடுக்க வேண்டும்.

கணிப்பொறி படிக்கும் இளந்தோழர்களே! நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் கையேட்டில் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்கிற்று என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அதைக் குறிப்பேடாக்கிக் கொடுங்கள். தடுக்கி விழுந்தவனுக்குத்தான் படியின் உயரம் தெரியும். அதைக் குறைக்க வல்லவனும் அவனே.

கட்டளைகளின் பூட்டை முன்னவர்கள் உடைத்துவிட்டார்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே வருகிறவன் கையிலே கருவியைக் கொடுப்போம். கையேடும் ஓடட்டும்!