எப்ப இருந்து?

கண்ணகி தன் இடது முலையைத் திருகி மதுரை மீது எறிந்ததைப் பற்றி முதலாம் வருடப் பரீட்சையில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். நல்ல புள்ளியும் வந்தது. ஆனால் அதே சொல்லை ஹொஸ்டல் அறைக்குள் வாய் திறந்து சொல்ல எங்களில் ஒருத்திக்கு மூன்று வருடம் எடுத்தது.

கரண்ட் போயிருந்த ஒரு ராத்திரி அவள் கேட்டாள்: "எனக்கு ஒரு பக்கம் முலைக்காம்பு உள்ளுக்க போயிருக்கு. அது கான்சரோடி?"

"எப்ப இருந்து?"

"வயசுக்கு வந்த காலத்தில இருந்தே அப்பிடித்தான்."

ஏழெட்டு வருடமாக இந்தப் பயத்தோடுதான் அவள் படித்திருக்கிறாள், சோதனை எழுதியிருக்கிறாள். போனில் தேடும்போதெல்லாம் புற்றுநோய் என்ற சொல்தான் முன்னால் வந்து நின்றதாம். அம்மாவிடம் கேட்க வெட்கம், எங்களிடம் கேட்கவும் வெட்கம். அன்றைக்கு இருட்டாக இருந்தபடியால் கேட்டுவிட்டாள். அடுத்த கிழமை அவளோடு சேர்ந்து ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

விசயம் இவ்வளவுதான். சிலருக்குக் காம்புக்குப் பின்னால் இருக்கிற பால் குழாய்கள் கட்டையாக இருக்கும், அல்லது அங்குள்ள நார் இழைகள் காம்பை உள்ளே இழுத்து வைத்திருக்கும். ஒரு பக்கமும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம். ஆண்களுக்கும் வரும். சிலருக்குக் குளிரிலோ விரலால் மெதுவாக அழுத்தும்போதோ வெளியில் வரும், சிலருக்கு வராது. பிறவியிலோ பருவ வயதிலோ இருந்து அப்படியே இருந்தால் பெரும்பாலும் அது நோய் இல்லை.

"பிள்ளைக்குப் பால் குடுக்கேலாது" என்று ஊரில் சொல்லுவார்கள். குழந்தை காம்பை மட்டும் பிடித்துக் குடிப்பதில்லை, சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துத்தான் வாய்க்குள் எடுக்கிறது. அதனால் பலரால் பால் கொடுக்க முடிகிறது. கஷ்டம் வந்தால் குடும்பநல மிஸ் உதவி செய்வார். அழகுக்காக ஒப்பரேசன் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேணும்: சில முறைகளில் பால் குழாய்கள் வெட்டுப்படலாம்.

இன்னொரு கதையும் இருக்கிறது. எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒரு பக்கக் காம்பு புதிதாக உள்ளே போனது. ஆஸ்பத்திரிக்குப் போனவ, "நெஞ்சுக்க நோகுது" என்று மட்டும் சொன்னா. ஈசிஜி எடுத்து, இருதயம் நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையான இடத்தைச் சொல்ல அவவுக்கு மேலும் பல மாதம் எடுத்தது. இப்போது கீமோ நடக்கிறது.

ஒரே வெட்கம்தான். சும்மா இருந்த ஒருத்தியை அது ஏழெட்டு வருடம் பயப்படுத்தியது. பயந்து ஓட வேண்டிய ஒருவரைப் பேசாமல் வீட்டில் இருத்தியது.

ஒக்டோபர் வந்தால் பிங்க் ரிபன் போஸ்டர்கள் வருகின்றன. "கட்டி இருக்கா பாருங்கள்" என்பதோடு பல போஸ்டர்கள் முடிந்துவிடுகின்றன. காம்பு என்ற சொல்லே இல்லை. எங்களுக்குத் தேவை "எப்ப இருந்து?" என்ற அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேணுமென்றால் எங்கட உடம்பு வழமையில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேணும். மாதத்தில் ஒருநாள், பீரியட்ஸ் முடிந்து சில நாளில், கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்கலாம்.

புதிதாக ஒரு காம்பு உள்ளே போனால் நாள் கடத்தாமல் டொக்டரிடம் போங்கள். கட்டி, அக்குளில் வீக்கம், காம்பிலிருந்து இரத்தமோ நீரோ தானாக வடிதல், தோல் குழிவிழுதல் அல்லது தோடம்பழத் தோல் போலாதல், காம்பில் ஆறாத செதில், புண், அரிப்பு ஆகியவற்றுக்கும் அப்படித்தான். சிவந்து, நொந்து, காய்ச்சலும் அடித்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அதற்கும் மருந்து வேணும். புதிதாக உள்ளே போனதெல்லாம் புற்றுநோய் இல்லை. வயதோடு பால் குழாய்கள் விரிவதாலும் இப்படி வரலாம். ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது டொக்டர், நாங்களோ கூகுளோ இல்லை.

எங்களுக்குப் பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் இருக்கிறது. 35 வயது தாண்டிய அம்மாமாருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகிற சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, அங்கே மார்பகத்தை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். பெண் டொக்டர் வேணுமென்று கேட்கலாம். தனியப் போகப் பயமென்றால் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய், "நெஞ்சு" என்று சொல்லாமல் "முலைக்காம்பு" என்றே சொல்லுங்கள். கண்ணகி கதையில் எழுதுகிற சொல்தானே.