அளக்கும் கோல் நேராக இருக்கட்டும்

மார்ச் மாதம் வந்துவிட்டால், நோயாளிகளின் கண்ணில் படாத ஒரு வேலை மருத்துவமனையில் தொடங்குகிறது. செவிலியர், ஆய்வக நுட்பநர், மருந்தாளுநர், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர் என ஒவ்வொருவருக்கும் ஆண்டுப் பணி மதிப்பீட்டுப் படிவம் ஒன்று நிரப்பப்படுகிறது. துறைப் பொறுப்பிலுள்ள மருத்துவர்களாகிய நாங்கள் அதில் மதிப்பெண் இட்டுக் கையொப்பமிடுகிறோம். ஊதிய உயர்வும் பதவி உயர்வும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதும் அந்தக் கையொப்பத்தைச் சார்ந்தவை.

இது நிர்வாகத்தின் உள்விவகாரம், நமக்கு இதில் என்ன என்று நீங்கள் எண்ணக்கூடும். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. நள்ளிரவில் உங்கள் தாயாருக்கு மருந்து கொடுக்கும் செவிலியர், ஒரு தவறு நேர்ந்தால் அதை உடனே சொல்வாரா அல்லது அஞ்சி மறைப்பாரா என்பதில் அந்தப் படிவத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே அது நியாயமாக எழுதப்படுவது உங்கள் நலனும் ஆகும்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகம் செயலிழந்த முதியவர் ஒருவரை மணமேல்குடிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து சேர்த்தார்கள். கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று நாங்கள் அளவு எழுதிக் கொடுத்தோம். இரவில் அவர் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். பணியிலிருந்த மூத்த செவிலியர் அளவுக்கு மேல் கொடுக்க மறுத்து, பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரப்படுத்தினார். தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவர் என்று உறவினர்கள் சினந்து புகார் எழுதினார்கள். அதே ஆண்டில், பார்வை நேரம் முடிந்தபின் ஆறு பேரை வார்டுக்குள் விடவில்லை என்று அவர்மீது இன்னொரு புகாரும் வந்தது.

ஆண்டு இறுதியில் அவர் கணக்கில் இரண்டு புகார்கள். மற்றவர்கள் கணக்கில் ஒன்றுமில்லை. நாங்கள் அவருக்குக் குறைந்த மதிப்பெண் இட்டோம். அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊதிய உயர்வு நின்றபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. எங்கள் அறைக்கு வந்து, “டாக்டர், நீங்கள் எழுதியதைத்தானே நான் செய்தேன்?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அந்த ஆணையை எழுதியதும் எங்கள் கை. அதை நிறைவேற்றியவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்ததும் எங்கள் கை. அதைத் திருத்த நான்கு மாதங்கள் ஆயின.

மதிப்பீட்டை மறைத்து வைப்பது அநீதி என்பதை இந்நாட்டின் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியிலிருந்த தேவ் தத் என்பவருக்கு ஓராண்டு அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ தேவை. தமக்கு என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாமல் அவர் வாய்ப்பை இழந்தார். 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதிமன்றம், பாதகமான குறிப்பை மட்டுமன்றி, நல்லதோ தீயதோ ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவித்து, அவர் முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2013இல் அதை உறுதி செய்தது. அவை அரசுப் பணியாளர் தொடர்பான தீர்ப்புகள். ஆனால் அவற்றின் அடியிலுள்ள நியாயம் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

அடுத்து, எண்களை வைத்து மட்டும் ஆளை அளப்பதில் உள்ள ஆபத்து. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1990களின் தொடக்கம் முதல், இதய அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவரிடமும் எத்தனை நோயாளிகள் இறந்தார்கள் என்ற விவரம் வெளியிடப்பட்டு வருகிறது. நோயின் கடுமையைக் கணக்கிட்டுத்தான் வெளியிட்டார்கள். அப்படியிருந்தும், பெயர் கெடுமென்று அஞ்சிச் சிலர் கடுமையான நோயாளிகளை ஏற்கத் தயங்குகிறார்கள் என்ற கவலை அங்கே நெடுங்காலம் பேசப்பட்டது. நம் மாவட்டத்துக்கு வருவோம். வயலில் பாம்பு கடித்து, பச்சிலை வைத்துப் பார்த்து, நேரம் கடந்தபின் கொண்டுவரப்படும் ஒருவரை ஏற்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு அதிகமாகத்தான் இருக்கும். சர்க்கரை மாத்திரை வாங்க வருவோரைக் கவனிக்கும் புறநோயாளிப் பிரிவில் இறப்பே இராது. இரு பிரிவுச் செவிலியரையும் ஒரே கோலால் அளந்தால், கடினமான வார்டுக்குப் போக எவரும் முன்வரமாட்டார்.

இவை எல்லாவற்றிலும் பெரிது, தவறுகளை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக மதிப்பிட்டது. அதனினும் முக்கியம் அது சொன்ன காரணம். பெரும்பாலான பிழைகள் கெட்ட மனிதர்களால் நேர்வதில்லை. நல்ல மனிதர்கள் மோசமான ஏற்பாடுகளுக்குள் வேலை செய்வதால் நேர்கின்றன.

எங்கள் வார்டிலேயே ஒரு சான்று உண்டு. பொட்டாசியம் குளோரைடு ஊசிமருந்தும், ஏறக்குறைய அதே தோற்றமுள்ள வேறொரு மருந்தும் ஒரே தட்டில் அருகருகே இருந்தன. முன்னதை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஓர் இளம் செவிலியர் தவறானதை எடுத்து, செலுத்துமுன் பெயரைப் படித்துத் தடுத்துக்கொண்டார். நோயாளிக்கு ஒன்றும் நேரவில்லை. வேறு எவரும் பார்க்கவுமில்லை. ஆயினும் தாமே வந்து சொன்னார். அன்றே அந்த மருந்தை வார்டிலிருந்து அகற்றித் தனியே பூட்டி வைத்தோம். “கவனக்குறைவு” என்று அவர் படிவத்தில் எழுதியிருந்தால் அடுத்த முறை எவரும் சொல்லியிருக்கமாட்டார். மருந்தும் அதே தட்டில் இருந்திருக்கும்.

இப்படியானால் சோம்பேறிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே மதிப்பெண்ணா என்று கேட்கலாம். இல்லை. கை கழுவாமல் நோயாளியைத் தொடுபவரையும், பணம் கேட்பவரையும், ஏழை என்று தெரிந்தால் ஏசுபவரையும் பொறுத்துக்கொள்வது நியாயம் ஆகாது. ஆனால் அவரை அந்த வாரமே அழைத்துச் சொல்ல வேண்டும். மார்ச் வரை மனத்தில் வைத்திருந்து மதிப்பெண்ணில் தீர்த்துக்கொள்ளக் கூடாது. அதேபோல், நன்றாக உழைத்தவருக்கு அதன் பயனும் கிடைக்க வேண்டும். 2015இல் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய தமிழக அரசின் ஒப்பந்தச் செவிலியர்கள், பணிவரன்முறை கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடியதை நீங்கள் படித்திருப்பீர்கள். எவ்வளவு உழைத்தாலும் நிலை மாறாது என்றால், மதிப்பீடு வெறும் காகிதம்தான்.

இன்னொன்று, முன்முடிவு. நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது, பெண் என்பதாலும் பிறப்பாலும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் கடந்து இடமளித்தார். அவர் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றும் நாங்கள் மதிப்பெண் இடும்போது, ஒருவரின் நிறம், ஊர், பேச்சு, எங்களிடம் காட்டும் பணிவு ஆகியவை எங்களை அறியாமல் கையை அசைக்கின்றன. அதனால்தான் ஒருவர் மட்டும் மதிப்பிடக் கூடாது என்கிறோம்.

ஆகவே நாங்கள் வேண்டுவன நான்கு. படிவத்தை ஊழியருக்குக் காட்டி அவர் விளக்கத்தையும் அதில் பதிய வேண்டும். வார்டின் தன்மையையும் இரவுப்பணியில் ஒருவர் கவனித்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாமே முன்வந்து சொன்ன தவறு மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. இருவராவது சேர்ந்து மதிப்பிட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் கருத்துச் சீட்டை அவசரத்தில் நிரப்பாதீர்கள். அது ஒருவருடைய படிவத்தில் போய்ச் சேர்கிறது. “நர்ஸ் சரியில்லை” என்று எழுதுவதைவிட, எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மின்விசிறி ஓடாததற்கும் கட்டணம் கூடியதற்கும் செவிலியருக்குக் குறைத்துப் போடாதீர்கள். அவற்றைத் தனியே எழுதுங்கள், எங்களைக் கேளுங்கள். ஏதேனும் மறுக்கப்பட்டால் காரணம் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அலட்சியமோ அவமதிப்போ பணம் கேட்பதோ நடந்திருந்தால் அஞ்சாமல் எழுதுங்கள். அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. இரவெல்லாம் விழித்திருந்து கவனித்தவர் ஒருவர் இருந்தால் அதையும் அவர் பெயரோடு எழுதுங்கள். புகார்கள் எழுதப்படும் அளவுக்கு நன்றிகள் எழுதப்படுவதில்லை.

தண்ணீர் தர மறுத்த அந்தச் செவிலியர் இன்றும் எங்கள் வார்டில்தான் பணியாற்றுகிறார். அந்த முதியவர் வீக்கம் வடிந்து, நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த ஆண்டுப் படிவத்தில் அதை எழுத இடமே இருக்கவில்லை. இந்த ஆண்டு அதற்கு ஒரு கட்டம் சேர்க்குமாறு கேட்டிருக்கிறோம்.