காரைநகர்ப் பெண்ணுக்கும் நம் லயத்துப் பெண்ணுக்கும் ஒரே தூரம்தான்



காரைநகர் எங்கே, நம் தோட்டம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கே கடல், இங்கே மலை. ஆனால் வீட்டில் அடிபட்ட பெண்ணோ சீரழிக்கப்பட்ட பிள்ளையோ உதவி தேடிப் புறப்படும்போது இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகள்தான் முன்னால் நிற்கின்றன. எந்தப் பஸ்ஸில் போவது? காசு யார் தருவது? திரும்பி வந்து எங்கே படுப்பது?

காரைநகர், பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டோடு இணைந்த தீவு. வழக்கு என்றால் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம். ஊர்காவற்றுறை கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியும். அதற்குப் போக, அங்குள்ளவர்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் யாழ்ப்பாண நகரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். 2014 ஜூலையில் அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக முறைப்பாடு வந்து, கடற்படையினர் ஏழு பேர் கைதானார்கள். முகாமுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைக் குடும்பம் சாட்சி சொல்லிவிட்டு மறுநாளும் அதே ரோட்டில்தான் நடக்க வேண்டும். அந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. துரைக்கோ கணக்குப்பிள்ளைக்கோ எதிராக வாய் திறந்த பெண், மறுநாள் அதே மலையில்தான் கொழுந்தெடுக்கப் போகிறாள்.

அடுத்த ஆண்டு, 2015 மே 13, புங்குடுதீவில் 18 வயது மாணவி பாடசாலைக்குப் போகும் வழியில் கடத்திக் கொல்லப்பட்டாள். வடக்கு முழுவதும் கடையடைப்பு, ஊர்வலம். யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் விசேட விசாரணை நடந்து, 2017 செப்டெம்பர் 27இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சனம் திரண்டதால்தான் அந்த வழக்கு அவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது எங்கள் எண்ணம். ஆனால் ராத்திரிக்கு ராத்திரி அடிவாங்கும் பெண்ணுக்காக எவரும் கடையடைப்பதில்லை.

2019இல் அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களமே நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. ஐந்தில் ஒரு பெண் தன் வாழ்க்கைத் துணையால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறாள். பிரட்டுக் களத்தில் நிற்கும் வரிசையை மனதில் எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் முதலில் 14 நாளைக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரைக்கும் தரலாம். பாதிக்கப்பட்டவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முக்கியமானது ஒன்று: அடித்தவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் கட்டளையிடலாம். "லயக் காம்பரா அவன் பேரில் இருக்கு, நான் எங்கே போவேன்" என்று அழுகிற சகோதரிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்களா? வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' இருக்கிறது, பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, அவசரத்துக்கு 119.

பாலியல் வன்முறை என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான். 72 மணி நேரத்துக்குள் போனால் கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்க மருந்து கொடுக்கலாம். குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் போவது நல்லது. உடுப்பு மாற்றியிருந்தால் பழையதைக் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள்.

இத்தனையும் இருந்தும் நம் டிவிசனில் நடப்பது என்ன? தலைவர் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. "குடும்பம்னா அப்படித்தான், போம்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று சமாதானம் செய்து அனுப்புகிறார்கள். அடித்தவனும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறான், உண்மைதான். அவளும் கட்டுகிறாள். இன்னும் கேட்டால், செக்ரோலில் அவள் பேர் போடும் நாள்கள்தான் பல வீடுகளில் அதிகம். பாலியல் குற்றத்தைப் பணம் பேசித் தீர்க்கிற பழக்கமோ இதைவிட மோசம். எந்தத் தலைவருக்கும் அந்த அதிகாரத்தைச் சங்கம் கொடுக்கவில்லை.

தீவில் பாலம் போட்டுத் தருவது அரசாங்கத்தின் வேலை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் தூரத்தைக் குறைப்பது சங்கத்தால் முடியும். கோர்ட்டுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது, ஆட்டோவுக்கு அதைவிடக் கூடப் போகிறது. இரண்டையும் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்கலாம். ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ராத்திரியிலும் கதவைத் தட்டலாம் என்று சொல்லி வைக்கலாம். அவர்கள் பொலிஸுக்குக் கூடப் போக வேண்டும், வெளியே வந்து ஊரெல்லாம் கதை சொல்லக்கூடாது. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பதும், விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காமல் இருப்பதும் அவர்கள் பொறுப்பு. தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: ராத்திரியில் அவசரம் என்றால் தோட்ட வாகனம் இதற்கும் வர வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தச் செலவை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். மாதர் சங்கத் தலைவிமார் அந்தந்த டிவிசனில் இரண்டு பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். தலைவர்மாரும் கட்டாயம் வரவேண்டும்.